உருண்ட முடி

டிவியில் மகன் ராசாவை எதிர்த்துப் போர் செய்த ஏதோ ஒரு தலைவனின் படம் பார்த்துக்கொண்டிருந்தான். ராசாவின் மணிமுடி கல்தரையில் கணகணவென்று உருண்டது. நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தேற்றாத்தீவில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வெள்ளாமை வெட்டு முடிந்ததும் ஊர் வயலெல்லாம் சொந்தமாக வைத்திருந்த போடியார் தன் செலவில் கூடாரம் அடித்து ஊமைப்படம் காட்டுவார். வியர்வையும் மண்ணெண்ணெயும் மணக்கும். திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று கதை சொல்லுவான். ஒரு வருடம் காட்டியதும் இதேபோல ஒரு கலகத் தலைவனின் படம்தான். ராசா மண்டியிட, முடி உருண்டது. முன்நாற்காலியிலிருந்த போடியாரைப் பார்த்துவிட்டுக் கதைசொல்லி, "தலைவன் ராசாட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறான்" என்றான்.

போடியாரின் வயலொன்றைக் குத்தகைக்குச் செய்துவந்த அப்பா எழும்பினார். "பொய் சொல்லாத! விழுந்து கிடக்கிறது ராசா!"

கூடாரமே கைதட்டியது.

மறுநாள் போடியார் தன் முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி, "விழுந்தது ஆர்?" என்று கேட்டார். கைதட்டிய அத்தனை பேரும், "தலைவன்தான் போடியார்" என்றார்கள். நாங்கள் செய்த வயல் பறிபோனது. அடுத்த போகம் அதில் ஏர் பூட்டியது, எல்லாரிலும் பலமாகக் கைதட்டிய என் மாமன்.

"என்னம்மா, படம் சரியில்லையா?" என்றான் மகன்.

"படத்தில என்ன பிழை மனே? அண்டைக்குக் கூடாரத்திலயும் பிழை படத்தில இல்ல. பாத்தவனுகளிலதான்."