பஸ்ஸில் தேத்தண்ணி கேட்ட டெப்

விசேட கல்வி ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியை இந்த முறை ஆசிரியர்களாகிய நாங்களே திட்டமிடுகிறோம். இதுவரை வெளியிலிருந்து யாராவது வந்து, திரையில் படம் காட்டிவிட்டுப் போவார்கள்.

அதற்கான கூட்டத்துக்கு இன்று காலை ஹட்டனிலிருந்து நுவரெலியா பஸ் ஏறினோம். நானும், பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விசேட கல்வி வகுப்பு எடுக்கும் சுமதியும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்காக அவளுடைய டெப்பில், அந்தக் கையடக்கக் கணினியில், ஒரு செயலி இருக்கிறது. படத்தைத் தொட்டால் அது பேசும். அதிலிருந்த குரல் செய்தி வாசிப்பதுபோல இருக்கிறதென்று, சுமதி எல்லாவற்றையும் தன் குரலிலேயே பதிந்துவிட்டாள்.

தலவாக்கலையில் பஸ் நின்றபோது, எனக்குக் காட்ட ஒரு படத்தைத் தொட்டாள். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டாள்.

"எனக்குத் தேத்தண்ணி வேணுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டு அக்கா பிளாஸ்க்கைத் திறந்தேவிட்டார். "எந்தப் புள்ளைக்குங்க?"

"புள்ள இல்லீங்க அக்கா, இந்த டெப்புதான். பேச்சு வராத புள்ளைங்களுக்காகச் செஞ்சது," என்றாள் சுமதி.

"அதான் கேட்டுருச்சே," என்று மூடியில் ஊற்றி நீட்டினார் அக்கா.

கூட்டத்தில், பயிற்சியின் முதல் நாள் என்ன செய்வது என்று கேட்டார்கள். சுமதி எழுந்தாள். "ஒவ்வொரு டீச்சரும் வாயத் தொறக்காம, டெப்ப மட்டும் வச்சு, கடையில தேத்தண்ணி வாங்கிட்டு வரணுங்க."

அப்படியே முடிவானது, பயிற்சி ஹட்டனில் என்றும். திரும்பி வரும்போது, இவள் என் சினேகிதி என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஹட்டனில் பொறுமையான தேத்தண்ணிக் கடைக்காரர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். இத்தனை டீச்சர்கள் வாய் திறக்காமல் நிற்பதை அவரும் வேறெங்கே பார்க்கப் போகிறார்?