ராணி விழுந்த ஊர்வலம்

கூலித் தகராறில் வயல் வேலை நின்றுபோன வருடம், பொய்க்கால் குதிரை ஆட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆட்டத்தில் கணவர் ராஜா வேஷம், நான் ராணி. மன்னார்குடியில் கட்சி ஊர்வலத்தன்று என் கணுக்கால் வீங்கியிருந்தது.

"வலி உசுரு போகுதுங்க."

"எனக்கு மட்டும் வலிக்கலையா? இன்னிக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு ஆடு."

நடுத்தெருவில் கால் மடங்கி விழுந்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. கூட்டம் அதையும் ஆட்டமென்று நினைத்துக் கைதட்டியது.

கட்டைக்காலில் அசையாமல் நின்றால் அவரும் விழுந்துவிடுவார். இடுப்பில் குதிரைக்கூடு இருந்ததால் குனியவும் முடியாது. அழுதுகொண்டே என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினார். "யாராவது தூக்குங்கய்யா!" என்று அவர் கத்தியது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கால் கோணலாகத்தான் கூடியது. நடவுக்குக்கூட என்னால் போக முடியவில்லை. இப்போது அவரோடு வேறொரு ராணி ஆடுகிறாள். இரவில் அவருடைய வீங்கிய கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். அவையும் ஒருநாள் முறியும் என்று தெரிகிறது. ஆடாதீங்க என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.