பிரகதாம்பாளின் யாத்திரை அட்டை

ஆண்டுதோறும் சம்பா அறுப்பு முடிந்த கையோடு பிரகதாம்பாள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சமயபுரத்துக்கு நடப்பாள். பாதமெல்லாம் வெடிப்பு, செருப்பு போடமாட்டாள். யாராவது வண்டியில் ஏறச் சொன்னால், "ஆத்தாள ஏமாத்தச் சொல்றியா?" என்று சண்டைக்குப் போவாள். மகள் குந்தவையின் குடும்பம் நன்றாயிருக்க ஏழு வருட வேண்டுதல். ஒரு வருடம் பாக்கியிருக்க, தை மாதம் மாரடைப்பில் போய்விட்டாள்.

மகன் பரணிதரன் கொள்ளி வைத்தவன். வருடம் திரும்பும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று நாள் தீட்டுதான். அதனால் பாலம் கட்டும் பொறியாளரான குந்தவை நடப்பதென்று முடிவாயிற்று. யாத்திரைக் குழுத் தலைவர் இளையபெருமாள் அவள் படம் ஒட்டி அட்டை கொடுத்தார். தங்கும் இடம்தோறும் அதில் முத்திரை விழ வேண்டும். அட்டை இருந்தால்தான் சோறு, படுக்க இடம், கோயிலில் குழுவோடு வரிசை.

குந்தவைக்கு விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. 'மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு' என்றே அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பூதலூரில் முத்திரை விழுந்தது. திருக்காட்டுப்பள்ளியிலும் விழுந்தது. கல்லணையில் இளையபெருமாள் முத்திரையை மையில் ஒற்றிவிட்டுக் கையை நிறுத்தினார்.

"உன் மாமியார் ஊர்க்காரரு ஒருத்தர் நம்மகூட நடக்கறாரு. ஏதோ சொல்றாரும்மா. நீ புருஷன் வீட்டுப் பொண்ணுதானே? இல்லேன்னா உனக்கும் பொறந்த வீட்டு வருஷத் தீட்டுதான். ஆமான்னு சொல்லு, குத்திடறேன்."

வரிசை பின்னால் நெருக்கியது. "வெயிலு ஏறுதுங்க, சட்டுனு ஆவட்டும்!"

ஒரு 'ஆமாம்' போதும், அம்மாவின் வேண்டுதல் முடிந்துவிடும். ஊரிடம் கூசாமல் பொய் சொன்ன அம்மா, ஆத்தாளிடம் சொன்னதில்லை.

"இல்லைங்க. அத்துக்கிட்டு ஒரு வருஷமாச்சு."

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "அப்ப அட்டையக் குடும்மா. கோச்சுக்காத. நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா என் சட்டையத்தான் பிடிப்பாங்க."

"ரோட்டுல நடக்கவும் அட்டை வேணுங்களா?"

"ரோடு கவர்மெண்டுது" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

கூட்டத்துக்குப் பின்னால் தனியே நடந்தாள். காவிரிப் பாலத்தில் தார் சுட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருவானைக்காவல் தாண்டியதும், அம்மாவோடு நடவு நட்ட ஜெயபாரதி மட்டும் பின்தங்கி வந்து, எலுமிச்சை சாதப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள்.

"தின்னுடி. உங்கம்மா புடிவாதம் அப்படியே இருக்கு."

சமயபுரத்தில் கோபுரம் தெரிந்ததும், கோயில் வாசல் மிதிக்காமல் தெருமுனையிலேயே குந்தவை நின்றுவிட்டாள்.

"யார் பேருக்கு அர்ச்சனை பண்ணட்டும்?" என்றாள் ஜெயபாரதி. செத்தவர் பேருக்கு அர்ச்சனை கிடையாது.

"என் பேருக்கு."

"உங்கம்மா உன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் ஜோடியாத்தான் சொல்லுவா."

"ஒத்தையாவே சொல்லுங்கத்தை."

ஜெயபாரதி அவள் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு, வரிசையை நோக்கி வேகமாக நடந்தாள்.