எஞ்சினை அணைக்காமல் கேட்டவை

மரம் பிடுங்குகிற வண்டியை ஓட்டுகிறவனுக்கு மரத்துக்கு முன்னால் காது போய்விடும். மில்லிலும் மாவு மெஷினிலும் மோட்டார் கொட்டகையிலும் காலம் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "எதுக்கு இப்படிக் கத்திப் பேசறீங்க?" என்று பெண்டாட்டியிடம் பேச்சு வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

மைசூருக்கும் மதராஸுக்கும் கோடு எங்கே கிழிப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த ஐம்பதுகளில், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் நான் டிரைவராக இருந்தேன். உலகச் சண்டை முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய வண்டி அது. டயர் கிடையாது, இரும்புச் சங்கிலிப் பட்டை. முதுகில் ஒரு உருளை. அதில் சுற்றியிருக்கும் கம்பிக்கயிற்றை மரத்தில் கட்டி இழுத்தால் மரம் வேரோடு வந்துவிடும். பெரிய எஞ்சினைக் கிளப்ப அதன் மேல் ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் உண்டு. அந்தக் குட்டியைக் கிளப்புவதற்குள் இரண்டு ஆளுக்கு உயிர் போய்விடும். அதனால் காலையில் கிளப்பினால் பொழுது சாய்கிற வரைக்கும் அணைக்க மாட்டேன். சோறு தின்னும்போதும் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். யார் எதைச் சொன்னாலும் அந்த உறுமலுக்கு மேல்தான் சொல்ல வேண்டும்.

கயிறு கட்டுகிற ஆள் நரசப்பா, ஓசூருக்கு அந்தப் பக்கத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். சாயங்காலம் வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோக அவனிடம் கொடுப்பேன். பதறாமல் ஓட்டுவான். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாகவே ஓட்டுவான். "ஒரு நாளைக்கு நானும் ஒரு வண்டிக்கு டிரைவர் ஆவணும்ணா" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறான். அது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போது காது இருந்தது.

இளு, இளி

ராயக்கோட்டை போகிற சாலையோரம் புளியமரங்களை எடுத்துக்கொண்டிருந்தோம். கிளை கழிக்கிற ஆள் மேலே ஏறிக் கவட்டையில் கயிற்றைக் கட்டிவிட்டார், ஆனால் இன்னும் இறங்கவில்லை. இலை மறைவில் எனக்கு அவர் தெரியவில்லை. நரசப்பா அவரைப் பார்த்து "இளி! இளி!" என்று கத்தினான். கன்னடத்தில் 'இறங்கு' என்று அர்த்தம். எங்கள் ஊரில் 'இழு' என்பதை 'இளு' என்றுதான் சொல்வோம். என்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்து நான் இழுத்துவிட்டேன்.

மரம் மெதுவாகச் சாய்ந்தது. நல்ல காலம், பக்கத்துப் புளியமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. நரசப்பா நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே இருந்தவர் பக்கத்து மரத்துக்குத் தாவி, அதன் வழியாக இறங்கி, உடம்பில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். "ஏறினது ஒரு மரத்துல, எறங்கினது வேற மரத்துல. இந்த வித்தைய எங்க கத்துக்கினீங்க டிரைவரே?"

வுட்டுடு

அதற்குப் பிறகு வாய்ப்பேச்சே வேண்டாம் என்று நானும் நரசப்பாவும் முடிவு செய்தோம். சிவப்புத் துண்டைத் தூக்கினால் இழுக்க வேண்டும், கீழே போட்டால் நிறுத்த வேண்டும். கோளாறு பாஷையில் இருக்கிறது என்றுதான் அன்றைக்கு நம்பினேன். துண்டும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நிலத்துக்காரர்களிடம் துண்டு இல்லையே.

எங்கள் சாமல்பட்டிப் பக்கம் ஒரு விவசாயியின் காட்டில் கருவேல மரங்களை எடுத்தோம். கிணற்றோரம் ஒரு வேம்பு இருந்தது. அதைக் காட்டி அவர் ஏதோ சொன்னார். "வெட்டிடுங்க" என்று எனக்குக் கேட்டது. தூரத்தில் இருந்த நரசப்பாவைக் கூப்பிட்டு வேம்பில் கயிற்றைக் கட்டச் சொன்னேன். பாதி வேர் அறுந்து மரம் சாய்ந்தபோது அந்த மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். நரசப்பா துண்டை வீசி எறிந்தான். நிறுத்தினேன். அவர் சொன்னது "வுட்டுடுங்க."

மண்ணை அணைத்து மிதித்துக் கல் முட்டுக் கொடுத்தோம். மரம் பிழைத்தது, ஆனால் நிமிரவில்லை. அவர் சாய்ந்த அடிமரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றிலிருந்து குடத்தோடு வந்த அவர் சம்சாரம்தான் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மரம் கோணிக்கினா என்னா, நெழலு கோணலையே. போய்ட்டு வாங்க."

பேய் ஆணி

மழை பெய்தால் காட்டில் வண்டி புதையும். அந்த மாதங்களில் ராயக்கோட்டை ஸ்டேஷன் பக்கம் வண்டியை நிறுத்தி, பெல்ட் மாட்டி வட்ட ரம்பம் ஓட்டுவோம். பிடுங்கின மரமெல்லாம் விறகுத் துண்டாகி ரயிலேறும்.

எங்கள் பக்கத்தில் பேய் ஓட்டும்போது, பிடித்தவரின் முடியில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பேய் அதோடு கிடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மரம் பருக்கப் பருக்க ஆணி உள்ளே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படி ஒரு ஆணியில் ஒரு நாள் ரம்பம் போய் மோதியது. அந்தச் சத்தத்துக்கு ரம்பக்காரர் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாராம், டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாராம், ஸ்டேஷன் நாய்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டனவாம். எல்லாம் பிற்பாடு கேள்விப்பட்டதுதான். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பக்கூட இல்லை. ரம்பக்காரர் என் எதிரே வந்து நின்று எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்: "பேயி கத்தினது ஊருக்கே கேட்டுச்சு. டிரைவருக்கு மட்டும் கேக்கலயே, ரெண்டு பேரும் சொந்தமா?"

சந்தைத் துண்டு

எல்லோரும் சிரித்தார்கள். நரசப்பா சிரிக்கவில்லை. சாயங்காலம் எஞ்சினை அணைத்த பிறகு என் முன்னால் வந்து நின்றான். "அண்ணா, பின்னால நின்னு மூணு பாஷையிலயும் கூப்ட்டன். ஒண்ணுக்கும் திரும்பல" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமல்பட்டியில் என் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் இந்த ஒரு சீட்டை நம்பித்தான் இருந்தார்கள். செவிடனைச் சீட்டில் வைத்திருக்க எந்த முதலாளிக்குப் பைத்தியம்? காண்ட்ராக்டரிடம் நரசப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு வேலை போகும், அவனுக்கு அவன் ஆசைப்பட்ட சீட்டு வரும். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் சொல்லவில்லை.

குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தை வழியாக வண்டியைக் கொண்டுபோனபோது அவனுக்கு யோசனை வந்தது. அங்கே தரகர்கள் கையை ஒரு துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளிலிருந்து யாராவது என்னிடம் பேச வந்தால் நரசப்பா வண்டியின் படியில் ஏறி நிற்பான். எண்ணெயைத் துடைக்கிறவன் மாதிரி துண்டை என் கைமேல் போட்டு, அடியில் விரலை அழுத்துவான். ஒரு அழுத்து என்றால் நான் 'ஆமாம்' சொல்ல வேண்டும், இரண்டு அழுத்து என்றால் 'இல்லை'. டிரைவரிடம் பேச வருகிறவர்களுக்கு இந்த இரண்டுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிழைப்பு ஓடியது. ஆனால் தொழில் தெரிந்தவன் கண்ணுக்குத் தப்புமா? அடுத்த சந்தையில் ஒரு கிழட்டுத் தரகர் எங்களையே உற்றுப் பார்த்துவிட்டு நரசப்பாவிடம் கேட்டார்: "என்னாப்பா, டிரைவர வெல பேசறயா? பல்லப் புடிச்சுப் பாத்தியா?"

புதுக் கயிறு

காது கேட்காதவன், கேட்கிறவனைவிட அதிகமாகத் தலையாட்டுவான். நானும் அப்படித்தான். நரசப்பா இரண்டு அழுத்து அழுத்தினால் வெறுமனே 'இல்லை' என்று நிறுத்திக்கொள்ள மாட்டேன். கேட்டுத்தான் பேசுகிறேன் என்று காட்டிக்கொள்ள என் பங்குக்கு ஏதாவது சேர்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் காண்ட்ராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நரசப்பா படியில் ஏறிக்கொண்டான். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், நடுவில் நரசப்பாவையும் ஒரு பார்வை பார்த்தார். துண்டுக்கு அடியில் விரல் உடனே அழுத்தவில்லை. கொஞ்சம் தாமதித்தது. அப்புறம் இரண்டு அழுத்து.

"வேணாங்க" என்றேன். அதோடு விட்டேனா? "அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுங்க, நினைக்கவே வேணாம்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னேன். அவர் திரும்பி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் நரசப்பாவிடம் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் உதட்டைப் பார்க்க வாகாக என் பக்கம் முகத்தைத் திருப்பினான். "புதுக் கம்பிக்கயிறு வேணுமான்னு கேட்டாருண்ணா. பழசே தாங்கும்னு சொல்லிட்டோம்."

அணைத்த பிறகு

கொஞ்ச நாளில் காண்ட்ராக்டர் இரண்டாவது வண்டி ஒன்று வாங்கினார். அதற்கு டிரைவராகச் சேலத்துப் பக்கத்திலிருந்து யாரோ வந்தான். அதை ஓட்ட நரசப்பாவை ஏன் போடவில்லை என்று நான் முதலாளியை மனசுக்குள் திட்டினேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. பேச்சு வளர்ந்தால் என் காது வெளியே வந்துவிடும்.

பிறகு வேலைகள் குறைந்தன. சேலத்து ஆள் அந்த வண்டியோடு கோலார் பக்கம் நிரந்தர வேலைக்குப் போய்விட்டான். எங்கள் பழைய வண்டிக்கும் வேலை நின்றது, நரசப்பா வேறு பிழைப்பு தேடிப் போனான். வண்டியைக் காண்ட்ராக்டர் இரும்பு விலைக்குத் தள்ளினார். அதை வாங்கினவர்கள் எடுத்துப்போக வந்த அன்றைக்குத்தான் பட்டப்பகலில் எஞ்சின் அணைந்து நிற்பதைப் பார்த்தேன். காண்ட்ராக்டர் என் அருகில் வந்தார். எப்போதும் உரக்கப் பேசுகிற மனிதர், முகத்துக்கு நேராக வேறு நின்றார். எல்லாம் எனக்குக் கேட்டது. கேட்காமலேயே போயிருக்கலாம். "ஒண்ணு கேக்கணும் டிரைவரே. நரசப்பாவ ரெண்டாவது வண்டிக்குப் போடலாமான்னு உங்கள நம்பித்தான கேட்டன்? அன்னிக்கு அவன் பக்கத்துலயே நின்னான், அவன் மூஞ்சிக்கு நேரா வேணாம்னுட்டீங்களே, அவன் உங்களுக்கு என்னா கெடுதல் பண்ணான்?"

விலை

நரசப்பா என்னைவிட்டுப் போனால் எனக்குக் காது இல்லை. அது அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த இரண்டு அழுத்து. எதற்கு 'வேணாம்' சொல்கிறேன் என்று தெரியாமல், அவன் ஆசைப்பட்டதை அவன் பக்கத்திலேயே நின்று நான் காறித் துப்பியிருக்கிறேன். 'சரிப்பட்டு வராது' என்று நான் சேர்த்துச் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. அதை அவன் அழுத்தவில்லை.

அவனைத் தேடிக் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனேன். ஒரு மரவியாபாரியிடம் லாரியில் மரம் ஏற்றுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயும் கயிறுதான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. லாரி நிழலில் உட்கார்ந்தோம். "அந்த வண்டி உனக்கு வேணும்னு இருந்துதா இல்லையா? இப்பவாச்சும் உள்ளதச் சொல்லு" என்று கேட்டேன். என் சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டான்.

இரண்டு அழுத்து.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொன்ன அந்தக் கிழட்டுத் தரகர் அந்த வழியாகப் போனவர், எங்கள் துண்டைப் பார்த்து நின்று ஏதோ கேட்டார். விலை படிந்ததா என்றுதான் கேட்டிருப்பார். நரசப்பா அவருக்குப் பதில் சொன்னான், ஆனால் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்: "வெல அன்னிக்கே படிஞ்சி போச்சுங்க."

மூன்று பாஷை பேசுகிற சீமையில் இத்தனை வருஷம் பிழைத்தும், நான் சந்தேகமில்லாமல் கேட்டதெல்லாம் ஒரு துண்டுக்கு அடியில் விரல் சொன்னதை மட்டும்தான், அதிலும் எனக்கு முக்கியமான இரண்டு இடத்திலும் அது பொய் சொல்லிவிட்டது.