தவம் அண்ணை வைத்த சோறு

செய்தி எனக்குப் பலசரக்குக் கடையில்தான் கிடைத்தது. ஹம்பேர்க் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. தவம் அண்ணைக்கும் சேர்த்து முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு காசு கொடுக்க நின்றேன். "ஆருக்கு இவ்வளவு?" என்று கடைக்கார அக்கா கேட்டார். அண்ணைக்கும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? விடியக்காலமை மோசம் போயிட்டார். நெஞ்சு வருத்தமாம்." முருங்கைக்காயைத் திருப்பி வைப்பதா, கொண்டு போவதா என்று விளங்காமல் நின்றேன். கடைசியில் கொண்டே போனேன். செத்த வீட்டுக்கு முருங்கைக்காயோடு போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அண்ணை பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணையின் மனைவி மலர் அக்கா என்னிடம் கேட்டார். இப்படியான புத்தகங்களில் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: இன்னாரின் மகன், பண்பாளர், பொறுமைசாலி. அண்ணை பொறுமைசாலி இல்லை. அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் எழுத எழுதக் குழம்புகிறது.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாங்கள் இருவரும் நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்தோம். வார்டுகளில் இருந்து திரும்பி வரும் தட்டுகளை வழித்துக் கழுவப் போடுவது எங்கள் பகுதி. கை படாத தட்டு வந்தால் அண்ணை வேலையை நிறுத்திவிடுவார். "இந்த ஆள் ஏன் சாப்பிடேல்லை? கேட்டுச் சொல்லுங்கோ" என்று என்னைத் தொலைபேசிக்கு அனுப்புவார். பின்னால் தட்டுகள் குவிந்து கிடக்கும், தலைமைச் சமையற்காரர் கத்துவார், அண்ணை அசைய மாட்டார். நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார் என்று பதில் வந்தால்தான் அந்தத் தட்டைக் கொட்டுவார். இது என்ன விசர் என்று நானே பலமுறை ஏசியிருக்கிறேன். "முதல்ல கேளுங்கோ, பிறகு ஏசுங்கோ" என்பார். அது அவர் வாயில் எப்போதும் இருந்த பேச்சு.

போன வருடம் எங்கள் சங்கத்தில் இருந்து ஒரு சுற்றுலா போனோம். துறைமுகத்துக்கு அருகில் ஒரு பழைய செங்கல் கட்டடம். கப்பல்களில் கரி அள்ளிப் போட வந்த சீனர்களைத் திருப்பி அனுப்பும் வரை அங்கே அடைத்து வைத்தார்களாம். இப்போது திருத்தி, வெள்ளையடித்து, நுழைவுச்சீட்டு வைத்துக் காட்டுகிறார்கள். எங்களில் பலர் அகதி முகாம்களில் இருந்து வந்தவர்கள். அதனால் யார் அழுவார்கள், யார் பேசாமல் இருப்பார்கள் என்று உள்ளுக்குள் எல்லோரும் பார்த்துக்கொண்டே போனோம். தவம் அண்ணை மட்டும் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் பன்னிரண்டு பேருக்கும் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. அருங்காட்சியகங்களின் உணவகத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

நான் ஒரு சுவரின் முன்னால் நின்றேன். யாரோ ஆணியால் கீறிய சீன எழுத்துகள். அனேகமாக ஓர் ஊரின் பெயராக இருக்கலாம் என்று வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து அறையில் சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். சாப்பாட்டு அறையை அந்தக் காலத்தில் இருந்தபடியே ஆக்கி, நீள மேசையில் தகரத் தட்டுகளை அடுக்கி, அவற்றில் சுண்ணச்சாந்தால் செய்த சோற்றை வைத்திருந்தார்கள். தவம் அண்ணை ஒரு தட்டில் இருந்த சோற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் பையைத் திறந்து உண்மையான சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே பருப்பு, பக்கத்தில் கத்தரிக்காய்.

"தொடக் கூடாது, ஐயா!" என்று அந்தப் பெண் ஜெர்மனில் பதறினாள். அண்ணையும் ஜெர்மனிலேயே, இவர்கள் செத்துப் போனவர்கள்தானே, செத்தவர்களுக்கு யாராவது சாந்தை வைப்பார்களா என்று கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பசியோடை இருந்தவங்களுக்கு முன்னாலை பொய்ச் சோறு வைக்கிறதே? இது பெரிய பாவம்" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் வந்தார். உடனே எடுத்துக் குப்பையில் போடச் சொன்னார். "படைச்ச சோறு. கொட்ட ஏலாது" என்று அண்ணை அடித்துச் சொன்னார். பிறகு தட்டிலேயே சோற்றையும் கறியையும் குழைத்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து எங்கள் கைகளில் தந்தார். படையல் முடிந்ததும் வீட்டில் செய்கிற மாதிரியேதான். பொறுப்பாளர் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் வாங்கினாள். சாப்பிட்டாள். உறைக்கிறது என்று சொல்லிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். எல்லோருக்கும் கொடுத்த அண்ணை, தான் மட்டும் ஒரு பருக்கையும் வாயில் வைக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "நான் ஒருக்கால் சாப்பிட்டனான், தங்கச்சி" என்றார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரை எல்லையில் பிடித்து அடைத்து வைத்தார்களாம். "எனக்கு முன்னாலை ஒருத்தன் இருந்தவன். சீனனோ, வியட்நாம்காரனோ, கேக்கேல்லை. சாப்பிடத் தொடங்க முன்னம் பொலிஸ் வந்து எழுப்பிக் கொண்டு போயிட்டாங்கள். அவன்ரை சோறு அப்பிடியே ஆவி பறக்க இருந்தது. எனக்கு நல்ல பசி." பிறகு பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இனி வருவதுதான் என்னைக் குழப்புகிறது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அண்ணைக்கு இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். என் முருங்கைக்காயும் கறியாகி அதில் இருந்தது. மலர் அக்கா அதன் பக்கத்தில் இன்னோர் இலையை விரித்தார். "இது இவரின்ரை அண்ணருக்கு" என்றார். ஊரில் காணாமல் போன தமையன். எத்தனையோ வருடமாக அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று அண்ணை படையல் வைக்க விடவில்லையாம். "அந்தச் சீனரின்ரை கட்டடத்திலை முதல்முறையாய் அண்ணருக்குச் சோறு வைச்சனான் எண்டு வந்து சொன்னவர். அண்டைக்குத்தான் எனக்கு மனம் ஆறினது. உங்களுக்கும் சொன்னவர்தானே?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரயிலில் கேட்டதைச் சொன்னேன். அக்கா அகப்பையைத் திரும்பச் சோற்றுப் பானைக்குள் வைத்தார். "அப்ப, அண்ணர் வருவார் எண்டு இன்னும் பாத்துக்கொண்டுதான் இருந்தவரோ? என்னை ஆறுதல்படுத்தவோ அப்பிடிச் சொன்னவர்?" எனக்குத் தெரியாது என்றேன். எனக்குச் சொன்னதும் அக்காவுக்குச் சொன்னதும், இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். அண்ணையையே கேட்கலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியதுதான் கொடுமை. அன்றுதான் நான் அழுதேன்.

அக்கா அந்த இலையைச் சுருட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதில் சோறு போட்டார். "ஆர் எண்டு தெரியாட்டி என்ன, ஆரோ ஒருத்தர் சாப்பிடாமல் எழும்பிப் போயிருக்கினம்" என்றார். பிறகு இரண்டு இலைச் சோற்றையும் ஒன்றாகக் குழைத்து என் கையில் ஓர் உருண்டை வைத்தார்.

தவம் அண்ணையை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த உருண்டையின் சூடு ஒன்றுதான். அந்தக் கட்டடத்திலும் என் உள்ளங்கையில் அதே சூடு இருந்தது. இரண்டாவது இலை யாருக்கு என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதில் இருந்தது உண்மையான சோறு.