காற்று வரும் வழியில் எட்டு வீடு

"சார்... மோசம் போயிட்டோம் சார்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்ப்பதற்கு முன்னால், ஒருவர் கேட்டைப் பிடித்து உலுக்கியபடி இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் துண்டைத் தேடினேன். அந்த நேரத்தில் வருகிற செய்திக்கு வேட்டியும் துண்டும்தான் தேவைப்படும் என்பது என் அனுபவம்.

கேட்டில் நின்றவர் பக்கத்து வீட்டுப் பெருமாள் சார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஆசிரியர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார். தலைமையிலிருந்து இன்னும் பெறவில்லை. எங்கள் தெருவை ஒரு பெரிய வகுப்பறையாக நினைத்துத்தான் நடத்தி வருகிறார்.

"யாருக்கு என்ன சார் ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எதுத்தாப்புல பாருங்க!"

பார்த்தேன். எதிர் மனையில் மூன்று கால் வைத்த ஒரு மெஷின் கடகடவென்று மண்ணைத் துளைத்துக்கொண்டிருந்தது. மண் பரிசோதனையாம். நாலு மாடி, எட்டு ஃபிளாட் வரப்போகிறதாம்.

அந்த மனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தருமபுரி டவுனுக்குள், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், நாங்கள் குடிவந்த நாளிலிருந்து காலியாகக் கிடக்கிறது. காலி என்பதெல்லாம் பத்திரத்தில்தான். என் கார் அங்கேதான் நிற்கும். அன்வர் பாயின் ஃபர்னிச்சர் கடைக்கு வருகிற லோடு அங்கேதான் இறங்கும். பெருமாள் சார் வீட்டு வடகம் அங்கேதான் காயும். தெருவில் யார் வீட்டுக் காதுகுத்து என்றாலும் ஷாமியானா அங்கேதான். அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் எங்கேயோ இருக்கிறார் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

சாயங்காலம் அன்வர் பாய் வீட்டுப் போர்டிகோவில் அவசரக் கூட்டம். டீ, சமோசா உண்டு.

ஒரு விஷயம் கவனித்தேன். பேசிய ஒவ்வொருவரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். "நான் வூடு கட்டறதுக்கு எதிரி இல்லீங்க... ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகுதான் மீட்டிங்கே.

"எட்டு வூடு வந்தா போர் தண்ணி பாதாளத்துக்குப் போயிடும்ங்க" என்றார் அன்வர் பாய். லோடு இறக்குவதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "சூரிய ஒளி தடைபடும். வைட்டமின் டி என்னாவுறது?" என்றார் பெருமாள் சார். வடகம் பற்றிப் பேச்சே இல்லை. நானும் எழுந்தேன். எதிர் மனை வழியாக வருகிற காற்று இல்லாவிட்டால் எனக்குப் பத்திரிகைக்கு வாராவாரம் பத்தி எழுத வராது என்று சொன்னேன். யாரோ கைகூடத் தட்டினார்கள். காரைப் பற்றி? ஊஹூம்.

சமோசா தீர்ந்த பிறகு அன்வர் பாய்க்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அதெல்லாம் சரிங்க சார்... ஊரு பெருசாகிட்டே போகுது. ஜனங்க எங்கதான் வூடு கட்டுவாங்க?"

"தொப்பூர் பக்கம் எவ்ளோ எடம் கெடக்குது! அங்க கட்டட்டும்" என்றார் பெருமாள் சார்.

"அது கணவாய்ங்க சார். லாரிக்காரனே உசுர கையில புடிச்சிக்கிட்டுதான் எறங்கறான்."

"அப்ப ஒகேனக்கல் ரோட்டுல கட்டட்டும்."

"டவுனுக்கு வேலைக்கு வரவங்க?"

"பஸ் வுடட்டும்!"

பத்தே நிமிஷம். மாவட்டத்தின் மொத்த வீட்டுப் பிரச்சினையையும் தீர்த்துவிட்டோம். மேற்கே கட்டலாம், தெற்கே கட்டலாம், மலையில் கட்டலாம், ஏன், அருவிக்குப் பக்கத்தில்கூடக் கட்டலாம். எங்கள் எதிரில் மட்டும் கூடாது. யோசித்துப் பாருங்கள்... ஊருக்கு வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. விலாசத்தில்தான் தகராறு.

இத்தனைக்கும் 'விளைநிலத்தில் கை வைக்காதீர்கள், டவுனுக்குள் காலியாகக் கிடக்கும் இடங்களில் கட்டுங்கள்' என்று இதே பத்தியில் முழங்கியவன் நான். நல்லவேளை, எங்கள் தெருவில் யாரும் என்னைப் படிப்பதில்லை.

மனைக்காரர் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் காவேரியம்மா என்று கண்டுபிடித்தோம். நேரில் போய்ப் பேசிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தூதுக்குழு: பெருமாள் சாரும் நானும்.

வீட்டுக்குத் திரும்பினால் ஹாலில் சுகுணா உட்கார்ந்திருந்தாள். என் மனைவி வசந்தாவின் அக்கா மகள். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் இங்கேயே பைக் மெக்கானிக். கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போகிறார்கள். மாதக்கணக்காக வாடகை வீடு தேடுகிறாள். லீவு கிடைக்கிற நாளெல்லாம் சித்தியும் மகளுமாகத் தெருத் தெருவாக ஏறி இறங்குவார்கள். நான் போனதில்லை. எனக்குத்தான் உலகப் பிரச்சினைகள் இருக்கின்றனவே!

"இன்னைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"மூணு வூடு பாத்தோம் சித்தப்பா. மொத வூட்டுல, நைட் டியூட்டி இருக்குதுங்களா, நாங்க ஒம்போது மணிக்கு கேட்ட பூட்டிடுவோமேன்னாங்க. ரெண்டாவது வூட்டுல, உங்க புள்ள சுவத்துல கிறுக்குமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கிறுக்காத புள்ளைய நான் எங்க போய் வாங்கறது? மூணாவது வூடு நல்ல வூடு. யாரும் ஒண்ணுமே கேக்கல. அட்வான்ஸ் சொன்னாங்க. நானே எந்திரிச்சி வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தண்ணீர்ச் சொம்பை எடுத்து முழுசாகக் குடித்தாள். செருப்பின் வார் அறுந்து, ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள்.

"கெடைக்கும்மா, கெடைக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காவேரியம்மாவிடம் என்னென்ன பேசுவது என்று குறிப்பெடுக்க உள்ளே போனேன். வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டி. காவேரியம்மா டெம்போவில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றவைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒரு கையை முழங்காலில் ஊன்றித்தான் நடந்தார். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

பெருமாள் சார் தொண்டையைச் செருமினார். "அம்மா... நாங்க வீடு கட்டறதுக்கு எதிரி இல்ல..."

"அப்ப சந்தோஷம்ங்க. மோர் குடிங்க."

இதைச் சார் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் விடாமல் காற்று, வெளிச்சம், நிலத்தடி நீர், தெருவின் அமைதி என்று ஒரு முழு பீரியட் எடுத்தார். காவேரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள எனக்கு நல்லாத் தெரியும்ங்க சார்" என்றார்.

சாருக்கு முகம் மலர்ந்தது. "உங்க பசங்க யாராச்சும் எங்கிட்ட படிச்சிருப்பாங்க..."

"அதெல்லாம் இல்லீங்க. முன்ன ஒருக்கா என் மனையைப் பாக்கலாம்னு வந்தேன். நீங்கதான் குச்சியை எடுத்துக்கிட்டு ஓடியாந்து, 'யாரும்மா அது, வடகத்துக்குக் கிட்ட நிக்காத, நவுரு நவுரு'ன்னீங்க."

டெம்போ டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருமாள் சார் கையில் மோர் டம்ளர் அப்படியே நின்றது.

யாராவது ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நவுந்துக்கிட்டேன். பாவம், நல்லா காஞ்சிருந்துச்சி." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த வெள்ளைக் காரு உங்களுதுங்களா?"

நான் மோருக்குள் மிதந்த கறிவேப்பிலையை ஆராய ஆரம்பித்தேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு மூட்டு தேஞ்சிபோச்சிங்க. எதுக்கெடுத்தாலும் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். பஸ் படி ஏற முடியல. மனையைக் குடுத்தா எனக்கு ரெண்டு வூடு கட்டித் தரேன்றாங்க. கீழ் வூட்டுல நான் இருந்துக்குவேன். டாக்டருக்குப் பக்கத்துல இருக்கணும்னு நெனைக்கறது தப்புங்களா?"

என் குறிப்பில் இதற்குப் பாயிண்ட் இல்லை.

"இல்ல, மனை காலியாத்தான் இருக்கணும்னா ஒண்ணு பண்ணுங்க. தெருக்காரங்க எல்லாம் சேந்து வாங்கிக்கங்க. காத்து நல்லா வரட்டும்" என்று சொல்லி, மார்க்கெட் விலையையும் சொன்னார். பெருமாள் சார் கணக்கு வாத்தியார். மனசுக்குள் ஏதோ பெருக்கினார்... பிறகு வகுத்தார்... பிறகு எழுந்துவிட்டார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டோம். நான் தெருவுக்கே வந்துவிட்டேன். பின்னால் சார் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் படியில் நின்றபடி குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏம்மா... மத்த வீடெல்லாம் புக் ஆயிடுச்சுங்களா? இல்ல... பையன் ஓசூர்ல வாடகைக்கு இருக்கான். இங்கயே வந்துட்டான்னா பேத்தியை தெனமும் பாக்கலாம்..."

திரும்பி வருகையில் பஸ்ஸில், தருமபுரி நெருங்கும்போது சொன்னார்: "ஊருன்னா வளரத்தான் சார் செய்யும். நாமதான் அனுசரிச்சிக்கணும்."

நேற்று சாயங்காலம் சமோசா தின்ற அதே வாய்!

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம் நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே சுகுணா நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் போகும்வரை காத்திருந்துவிட்டு, வசந்தா "கொஞ்சம் மொட்டை மாடிக்கு வரீங்களா?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தொனி எனக்குப் பழக்கம். போனேன்.

மாடியில் நாலு பக்கமும் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். கீழ் வீட்டைக் கட்டும்போதே, பிற்காலத்தில் மேலே எழுப்பலாம் என்று வெட்டாமல் விட்டு வைப்பது. கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். ஒன்றிரண்டில் துரு ஏறாமலிருக்க பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருந்தோம்.

"இது என்னாங்க?"

"கம்பி."

"எதுக்கு வுட்டோம்?"

"மாடி கட்ட."

"எப்ப?"

நான் ஒரு கம்பியில் சாய்ந்திருந்த பாட்டிலை நேராகக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தம்மா மனை காலியா கெடக்குதுன்னு தெருவே பேசறீங்க. எங்கெங்க வூடு கட்டலாம்னு எல்லாருக்கும் எடம் காட்டறீங்க. நம்ம தலைக்கு மேல ஒரு வூடு காலியா கெடக்குது. அந்தப் புள்ள அறுந்த செருப்போட அலையுது. ஒரு நாளாச்சும் உங்களுக்குத் தோணுச்சுங்களா?"

தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை. கம்பி என்றால் துணி காயப்போடுவதற்கு என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பணம்...?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"புது கார் வாங்கறதுக்குன்னு வெச்சிருக்கீங்களே."

"அது..."

"வாங்கி எங்க நிறுத்துவீங்க?"



ஆடி கழியட்டும் என்று காத்திருந்து வேலையை ஆரம்பித்தோம். இஞ்சினியர் வந்து கம்பிகளைத் தட்டிப் பார்த்து, துருவைச் சுரண்டிவிட்டு, "கொஞ்சம் வேலை இருக்குதுங்க சார். ஆனா தாங்கும்" என்றார். அன்வர் பாய் அவராகவே வந்து, கதவு, ஜன்னலெல்லாம் அடக்க விலைக்குத் தருவதாகச் சொன்னார்.

இப்போது எதிரில் இரண்டு மாடி எழும்பிவிட்டது. எங்கள் மேல் வீட்டுக்கும் கூரை போட்டாயிற்று. இரண்டு பக்கமும் சிமெண்ட் தூசி, மிக்ஸர் சத்தம். காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காற்று? முன்பு நேராக வந்தது, இப்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான்.

டியூட்டி முடிந்ததும் சுகுணா நேராக மாடிக்குத்தான் போகிறாள். சமையல் மேடை எந்த உயரம், அலமாரி எந்தச் சுவர், பிள்ளை படிக்க ஜன்னல் எந்தப் பக்கம்... எல்லாம் அவள்தான் மேஸ்திரியிடம் சொல்கிறாள். நேற்று அவர் என்னிடம் ஏதோ கேட்க வந்து, பாதியிலேயே நிறுத்தி, "வேணாங்க, வூட்டுக்காரம்மா வரட்டும்" என்று திரும்பிப் போய்விட்டார்.

வாடகையை மட்டும் பால் காய்ச்சுகிற அன்று நானே பெரிய மனசோடு, குறைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். வசந்தா அதைப் போன மாதமே சுகுணாவிடம் சொல்லிவிட்டாளாம்.

எவ்வளவு என்று எனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை!