எனக்காகக் கொழும்பிலிருந்து வந்த முள்ளுப் பெட்டி

வன்னியில், முரசுமோட்டைப் பக்கம் ஒரு நெல் மில்லில் நான் வேலை செய்தபோது எனக்கென்று ஒரு பெட்டி கொழும்பிலிருந்து வந்தது. நான் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்படவும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை அடித்துத் துரத்தினார்கள். வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கொட்டில் போட்டு, சில வருடம் போனபிறகு அந்த மில்லில் சேர்ந்தேன். அவித்த நெல்லை உலர்த்துகிற டிரையர் என் பொறுப்பு. உமி அடுப்பின் சூட்டுக் காற்று குழாய் வழியாக நெல்லுக்குள் போகும். குழாயில் செருகிய கம்பியொன்று சூட்டை அறிந்து, சுவரில் செங்கல் அளவில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும். சூடு கூடினால் பெட்டி தானாகக் காற்றுக் கதவைச் சாத்தும், குறைந்தால் திறக்கும். அதன் முகத்தில் ஒரு முள், கீழே பச்சை, சிவப்பு. முள் சிவப்பை எட்டினால் நான் உமியைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நெல் வெடித்து, அரைக்கும்போது குறுணலாகிவிடும். என் கையில் குறுணல் விழுந்ததில்லை. இதை நானேதான் சொல்லவேண்டும், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

காலபோக அறுவடை நெல் வந்து குவிகிற நேரம் பருவந்தப்பிய மழை பிடித்தது. இடி இடித்த ஒரு பின்னேரம் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. முள் விழுந்து படுத்துவிட்டது; டிரையரும் நின்றது. முற்றத்தில் காயவைக்க வெயில் இல்லை. அவித்த நெல் மழைக்குப் போர்த்திய படங்கின் கீழே ஈரத்தோடு கிடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மெக்கானிக் வந்தார். சுட்ட பெட்டியைக் கழற்றி, பையிலிருந்து புதிதொன்றை எடுத்து, கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மில் மனேச்சரோடு கதைத்தார். நான் உமிக் குவியலடியில் நின்றேன், என்ன கதை என்று கேட்கவில்லை. மெக்கானிக் அந்தப் பெட்டியைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பொருந்தவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

மழை விடவில்லை. நெல் புளித்து மணக்கத் தொடங்கியது. வாசலில், மில்லில் நெல் போட்டிருந்த ஒரு வயதான கமக்காரர் என்னை மறித்தார்.

"இஞ்ச பிள்ளை, உனக்கு ஒண்டு ரெண்டு தெரியாதெண்டு எங்கட நெல்லு நாறவேணுமே?"

"என்ன அப்பு சொல்றீங்க?"

"மெக்கானிக் கொண்டந்த பெட்டி எல்லாம் பொருந்தினதாம். ஆனா முள்ளு இல்லையாம், சிவப்பா இலக்கம் எரியிற பெட்டியாம். உனக்கு விளங்காதெண்டு மனேச்சர் திருப்பி அனுப்பிப்போட்டு, முள்ளுப் பெட்டிக்குக் கொழும்புக்குச் சொல்லி விட்டிருக்கிறார். நீ பெரிய மகாராணி, உனக்கெண்டு பெட்டி வருகுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலையில் அடுப்பு மூட்டியது போல இருந்தது. ஊர் நெல் நாறுகிறது, பழி என் தலையில். என்னிடம் ஒரு சொல் கேட்காமல்!

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உண்மை. எழுத்தெல்லாம் பிறகு என் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் இருந்து பொறுக்கியது. ஆனால் எண் அப்படியில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை குறைத்துச் சொல்லுவார். அம்மா வட்டத் தராசைப் பார்த்துப் பார்த்தே எண்களைப் பழகி, நாங்கள் இருந்த லயத்துச் சுவரில் கரியால் கீறி எனக்கும் பழக்கினா. கணக்கப்பிள்ளை வாய் திறக்குமுன் "சத்தமாச் சொல்லுடி" என்பா. நான் சத்தமாகச் சொல்லுவேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

நேரே மனேச்சரின் கந்தோருக்குப் போனேன். வெளியே தராசில் யாரோ ஒருவரின் மூட்டை இருந்தது. மனேச்சர் கதிரையிலிருந்து பார்க்க, தராசைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அறுபத்தெட்டு. சாக்கு நனைஞ்சிருக்கு, அதையும் கழிக்கணும்."

அவர் எழுந்து வந்து தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உனக்கு இலக்கம் தெரியுமே? முதலே சொல்லியிருக்கலாம்தானே."

"நீங்க கேட்டீங்களாய்யா?"

"தோட்டத்தால வந்ததுகளுக்கு எங்கால படிப்பெண்டு நினைச்சனான். உன்ர நன்மைக்குத்தான் செய்தனான், பிள்ளை."

நன்மையாம்! என்னை வேலையால் நிறுத்தாமல் முள்ளுப் பெட்டி எடுப்பித்துத் தரப்போகிற நல்ல மனிதராம். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மெக்கானிக்கைத் திருப்பிக் கூப்பிட்டு இலக்கப் பெட்டியைச் சுவரில் பூட்டினார்கள். அன்றைக்கே டிரையர் ஓடியது. எந்த இலக்கத்தில் உமியைக் குறைக்கவேண்டும் என்று மெக்கானிக் ஒருதரம் சொன்னார்; போதும். படங்கின் அடியில் கிடந்த நெல்லில் ஒரு பகுதி மாட்டுக்குத்தான் போனது. மறித்துக் கேட்ட கமக்காரருடையதும் அதில் இருந்தது. அவர் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

மழை விட்டபிறகு கொழும்புத் தலைமைக் கந்தோரின் பெரியவர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒருவர் கையில் கடதாசி சுற்றிய முள்ளுப் பெட்டி. டிரையரடிக்கு வந்தவர், ஓடிக்கொண்டிருந்த இலக்கப் பெட்டியைக் கண்டு நின்றார்.

"இது நல்லா வேலை செய்யுதே. பிறகேன் எங்களிட்ட முள்ளுப் பெட்டி கேட்டனீங்கள்?"

மனேச்சர் தயங்கவேயில்லை. "அது வர நாளெடுத்ததுதானே, ஐயா. அதுக்கிடையில நான் இவவுக்கு இலக்கம் பழக்கிப்போட்டன். சரியான கஷ்டப்பட்டுத்தான் பழக்கினனான்."

பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "கெட்டிக்காரி."

உமி அள்ளுகிற தட்டைக் கீழே வைத்தேன்.

"இவரு பழக்கலைங்கய்யா. எங்கம்மா பழக்குனாங்க" என்று கணக்கப்பிள்ளைக்குக் கேட்கச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். "நான் இங்க வரும்போதே எண்ணு தெரிஞ்சுதான் வந்தேன். இவரு கேக்கல. கேட்டிருந்தா அந்த நெல்லு மாட்டுக்குப் போயிருக்காது."

மனேச்சர் முகம் கறுத்துவிட்டது. மற்றப் பெரியவர் இருமினார். பெட்டி வைத்திருந்தவர் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப இதை என்ன செய்யிறது?"

"மனேச்சர் ஐயா மேசையில வச்சிருங்க. முள்ளு வேணும்னு கேட்டது அவருதானே."

வேலையால் நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தவில்லை; டிரையரைப் பார்க்க வேறு ஆள் கிடையாதே. அந்தப் போகம் முடியும்வரை என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தப் பெட்டி மட்டும் அவர் மேசையிலேயே இருந்தது, கடதாசிகள் காற்றில் பறக்காமல் மேலே பாரத்துக்கு.